செகண்டுக்கு 716 சுற்று... ரெகுலேட்டர் யார் கையில்?

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம் செய்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். எங்கள் ரூமில் மூன்று கட்டில், ஒரு சீலிங் ஃபேன். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் காற்று வராது. ஐந்தில் வைத்தால் காற்று வரும்; கூடவே ஃபேன் 'டொடக், டொடக்' என்று தலையை ஆட்ட ஆரம்பித்துவிடும். மல்லாந்து படுத்தபடி, 'இது இன்றைக்கே விழுமா, சம்பளத் தேதிக்கு அப்புறம் விழுமா?' என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவோம். நடு ராத்திரியில் யாராவது ஒருத்தர் பயந்து எழுந்துபோய் நாலுக்குக் குறைப்பார். பெரும்பாலும் அது பேங்க்கில் வேலை பார்த்த நண்பர். ரிஸ்க் எடுக்க மாட்டார்.

வேகமாகச் சுற்றுகிற எதற்கும் இந்த ஆட்டம் உண்டு. வானத்தில் ஒரு ராட்சச ஃபேன் இருக்கிறது. செகண்டுக்கு 716 தடவை சுற்றுகிறது. நிமிஷத்துக்கு அல்ல ஸார், செகண்டுக்கு! உங்கள் வீட்டு மிக்ஸி முழு வேகத்தில் ஓடினால் செகண்டுக்குச் சுமார் முந்நூறு சுற்று. அதற்கே பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். இது மிக்ஸியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். அளவு மட்டும் சட்னி ஜாரைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்த ஜாதி நட்சத்திரங்களின் குறுக்களவு இருபது கிலோமீட்டருக்கு மேல். எடை, நம் சூரியனைவிட அதிகம்!

அதன் பெயர் பி.எஸ்.ஆர். ஜே1748-2446ஏடி. ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருந்தாலும் பெயர் அதுதான். தனுசு ராசிப் பக்கம் டெர்ஸான் 5 என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. 2004-ல் ஜேஸன் ஹெஸல்ஸ் என்கிற ஆராய்ச்சி மாணவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ டெலஸ்கோப் மூலம் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு முன்னால் ரெக்கார்டு 642 சுற்று. அது 1982-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 716-க்குப் பிறகு, 2017-ல் 707 சுற்றுக்காரர் ஒருவர் அகப்பட்டார். நடுவில் 2007-ல் '1,122 சுற்று!' என்று ஒரு பரபரப்பு. அப்புறம் யாராலும் அதை உறுதிப்படுத்த முடியவில்லை.

இதில் என்ன ஆச்சரியம் என்றால், கணக்குப்படி இந்த நட்சத்திரங்கள் ஆயிரம் சுற்றைத் தொடலாம். எடை அதிகமாகவும் உருவம் சிறியதாகவும் இருந்தால் ஆயிரத்தைத் தாண்டியும் போகலாம். அதற்கு மேல் போனால்தான் இடுப்புப் பகுதி பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆனால், உறுதியாகத் தெரிந்த எதுவும் 716-ஐத் தாண்டவில்லை. மைதானத்தில் ஓட எல்லாருக்கும் தெம்பு இருக்கிறது; ஆனால், முக்கால் மைதானத்தோடு எல்லாரும் நின்றுவிடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

யாரோ எழுந்துபோய் ரெகுலேட்டரை நாலுக்குக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். யார் அது?

இதே திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடம் படித்த ஒருவர், 1970-ல் இதற்கு ஒரு துப்புக் கொடுத்தார். அவரிடம் போவதற்கு முன்னால் அறிமுகங்களை முடித்துவிடலாம்.

ஒரு ஸ்பூன், இருநூறு கோடி டன்

பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து சாகும்போது, அதன் நடுப்பகுதி தன் எடை தாங்காமல் உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. அணுக்கள் நசுங்கி, எலெக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றாகி, கிட்டத்தட்ட எல்லாம் நியூட்ரான் மயம். அதுதான் நியூட்ரான் நட்சத்திரம். ஒரு டீஸ்பூன் எடுத்தால் சுமார் இருநூறு கோடி டன். (எடுக்க முடியாது. ஸ்பூன் தாங்காது.)

முதல் நியூட்ரான் நட்சத்திரத்தைப் பிடித்தவர் ஒரு மாணவி. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல், நாலரை ஏக்கர் வயலில் கம்பம் நட்டு, கம்பி கட்டி ஒரு ரேடியோ டெலஸ்கோப் அமைக்கும் வேலையில் கைகொடுத்தார். அது தினமும் சுமார் நூறடி நீளத்துக்குக் காகிதத்தில் கிறுக்கித் தள்ளியது. அத்தனையையும் கண்ணால் பார்த்து அலசியவர், ஒரு துளி இடத்தில் விசித்திரமான கிறுக்கல் இருப்பதைக் கவனித்தார். 1.337 செகண்டுக்கு ஒரு துடிப்பு. கடிகாரம் தோற்றுவிடும். வேற்று கிரகத்து ஆசாமிகளோ என்று விளையாட்டாக 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்றுகூடப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். கலங்கரை விளக்கம் மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நம் பக்கம் ரேடியோ கதிரை வீசியது. இதற்குத்தான் பல்ஸார் என்று பெயர்.

1974-ல் இதற்காக நோபல் பரிசு வந்தது. மேலதிகாரிக்கு! (ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) 2018-ல் பெல் அம்மையாருக்கு முப்பது லட்சம் டாலர் மதிப்புள்ள வேறொரு பெரிய பரிசு கிடைத்தது. அத்தனையையும் வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் பௌதிகம் படிக்க ஸ்காலர்ஷிப்பாகக் கொடுத்துவிட்டார்.

செகண்டுக்கு ஒரு சுற்று எங்கே, 716 எங்கே? நடுவில் நடப்பது ஒரு குடும்பக் கதை. சில நியூட்ரான் நட்சத்திரங்களுக்கு ஜோடி உண்டு. ஜோடி நட்சத்திரத்தின் உடம்பிலிருந்து வாயுவை உறிஞ்சி, கோடிக்கணக்கான வருஷம் அது வந்து விழ விழ, பம்பரத்துக்குச் சாட்டை போட்ட மாதிரி வேகம் ஏறுகிறது. சாட்டை நிற்காதவரை வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும். அங்கேதான் நம் கேள்வி. ஏன் எழுநூறு சொச்சத்தோடு நின்றுவிட்டது?

அடித்த மணி ஓயாமல் போனால்?

கோயில் மணியை அடித்தால் அது அதிர்கிறது. அதிர்வு சத்தமாக வெளியே போகிறது. சக்தி போகப்போக மணி ஓய்கிறது. நியூட்ரான் நட்சத்திரமும் இப்படித்தான். ஏதாவது ஒரு இடி விழுந்தால் உருண்டையானது ரக்பி பந்து மாதிரி நீண்டு, சப்பையாகி, மறுபடி நீண்டு என்று செகண்டுக்கு இரண்டாயிரம் தடவைபோல அதிரும். அத்தனை எடை இப்படி ஆடினால், ஐன்ஸ்டைனின் பொது சார்பியல்படி சுற்றியுள்ள வெளியே அலை அலையாக அதிரும். அதுதான் ஈர்ப்பு அலை. இதை முறையாகக் கணக்குப் போட்டு 1967-லேயே கிப் தோர்னும் அல்ஃபோன்ஸோ கம்பொலத்தாரோவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெல் காகிதச் சுருளோடு மல்லுக்கட்டிய அதே வருஷம்! ஈர்ப்பு அலை சக்தியைக் கொண்டுபோய்விடும், மணி ஓய்ந்துவிடும். நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், நட்சத்திரம் சுற்றினால்?

திருவல்லிக்கேணிக்காரர் வருகிறார்

சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பம். பிறந்தது 1910-ல் லாகூரில். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1930-ல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, சாகும் நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர். 1935-ல் லண்டன் சபையில் எடிங்டன் எழுந்து அந்தக் கணக்கைக் கிண்டலடித்தார். சந்திரசேகர் சண்டை போடவில்லை. வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பிற்பாடு அவர் கணக்குதான் சரி என்று உலகம் ஒப்புக்கொண்டு, 1983-ல் நோபல் பரிசு கொடுத்தது. வரம்பைத் தாண்டிய நட்சத்திரம் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில்களில் ஒன்றுதான் நாம் பேசும் நியூட்ரான் நட்சத்திரம்.

ரிடையர்மென்ட் பற்றி மற்றவர்கள் யோசிக்கும் வயதில், 1970-ல், சுழலும் திரவ உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் ஆட்டத்தைக் கணக்குப் போட்டார். விடை தலைகீழாக வந்தது. ஒரு வகை ஆட்டம் ஈர்ப்பு அலையால் ஓயவில்லை. வளர்கிறது! சக்தியை இழக்க இழக்க ஆட்டம் கூடுகிறது.

எப்படி? மின்சார ரயில் ஏறலாம் வாருங்கள்.

தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு ரயில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் ரயிலுக்குள் பின்பக்கமாக, தாம்பரம் திசையில், ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை தாம்பரம் போகிறீர்கள். ஆனால், வெளியே டீக்கடையில் நிற்பவர் கண்ணுக்கு நீங்கள் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பீச் பக்கம்தான் போகிறீர்கள்.

சுழலும் நட்சத்திரத்தின் மேல் பின்னோக்கி ஓடும் அலையும் அப்படித்தான். நட்சத்திரம் வேகமாகச் சுற்றினால், பின்னால் ஓடும் அலையையும் சேர்த்து முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். ஈர்ப்பு அலை வெளியே போகிற சமாச்சாரம். அதனால் அது டீக்கடைக்காரர் கணக்கைத்தான் பார்க்கும். 'நீ முன்னால் போகிறாய், உன்னிடமிருந்து முன்பக்கச் சுழற்சியை எடுத்துக்கொள்கிறேன்' என்று எடுத்துக்கொண்டு போய்விடும். அலையிடம் இருப்பதோ பின்பக்கச் சுழற்சி. அதிலிருந்து முன்பக்கத்தை எடுத்தால்?

இந்த இடத்தில் எனக்கே தலை சுற்றியது. பேங்க் நண்பரிடம் சொன்னேன். அவர் டூத் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"இதுல என்ன மாப்ளே கஷ்டம்? ஓவர் டிராஃப்ட்! அக்கவுண்ட்ல மைனஸ் ஐயாயிரம் இருக்கு. அதுல இன்னும் ஐந்நூறு எடுத்தா மைனஸ் குறையுமா? மைனஸ் ஐயாயிரத்து ஐந்நூறு ஆகும்."

அவ்வளவுதான். அலையின் கணக்கு மைனஸில் இருக்கிறது. ஈர்ப்பு அலை எடுக்க எடுக்க மைனஸ் வளர்கிறது. அதாவது, ஆட்டம் வளர்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது? நட்சத்திரத்தின் மொத்தச் சுழற்சியிலிருந்து. ஆட்டம் கூடக்கூட நட்சத்திரம் வேகம் குறைகிறது.

ரெகுலேட்டரைக் குறைத்த கை இதுவாக இருக்கலாம்!

சந்திரசேகர் கணக்குப் போட்டது ஒரு லட்சிய உருண்டைக்கு. 1978-ல் ஜான் ஃப்ரீட்மனும் பெர்னார்ட் ஷுட்ஸும், இது நிஜ நட்சத்திரங்களுக்கும் பொருந்தும் என்று காட்டினார்கள். அதனால் மூவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 'சி.எஃப்.எஸ். நிலையின்மை' என்கிறார்கள்.

பிசுபிசுப்பு என்கிற கடவுள்

'அப்படியானால் எல்லா நட்சத்திரமும் ஆடி ஆடி நின்றிருக்க வேண்டுமே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை, அந்த ரக்பி பந்து ஆட்டத்துக்குச் சொந்த வேகம் ரொம்ப அதிகம். அதை முன்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் நட்சத்திரம் ஏறக்குறைய பிய்ந்துபோகும் வேகத்தில் சுற்ற வேண்டும். ஓட்டப்பந்தய வீரர் ரயிலுக்குள் பின்னால் ஓடுகிற மாதிரி. ரயில் மெதுவாகப் போனால் அவர் நிஜமாகவே தாம்பரம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இரண்டாவது தடை, பிசுபிசுப்பு. தேன் பாட்டிலைக் குலுக்கினால் தண்ணீர் மாதிரி அலை வராது. நட்சத்திரத்தின் உள்ளே இருக்கும் திரவத்துக்கும் பிசுபிசுப்பு உண்டு. நட்சத்திரம் ரொம்பச் சூடாக இருந்தால் ஒரு வகைப் பிசுபிசுப்பு, ஆறிப்போனால் இன்னொரு வகை. இரண்டும் ஆட்டத்தை அமுக்கும். நடுவில் ஒரு ஜன்னல் அளவு வெப்பத்தில்தான் ஆட்டத்துக்குச் சுதந்திரம்.

1997-ல் முதல் தடை உடைந்தது. நில்ஸ் ஆண்டர்ஸன் என்கிற விஞ்ஞானி, 'ஆர் மோட்' என்கிற வேறொரு வகை ஆட்டத்தைக் கணக்குப் போட்டார். இது நட்சத்திரத்தை நீட்டிச் சப்பையாக்காது. மேற்பரப்பை ஒட்டிச் சுழல் சுழலாக ஓடும். நம் பூமியின் காற்று மண்டலத்தில் வானிலையை ஆட்டிவைக்கும் ராஸ்பி அலைகளின் சொந்தக்காரர்.

இந்த ஆசாமியின் விசேஷம், இவருக்குச் சொந்த வேகமே கிடையாது. நட்சத்திரத்தின் வேகத்தைப் பார்த்துத்தான் நடப்பார். முக்கியமான ஆர் மோடை எடுத்துக்கொண்டால், நட்சத்திரம் மூன்று சுற்று சுற்றுவதற்குள் இவர் ஒரு சுற்று பின்னால் நழுவுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சுற்று முன்னால். ரயில் மெதுவாகப் போனால் இவரும் மெதுவாக நடப்பார். வேகமாகப் போனால் வேகமாக நடப்பார். ஆனால் எப்போதும் பீச் பக்கம்தான் இழுத்துப்போகப்படுவார். ஆக, பிசுபிசுப்பு இல்லையென்றால் எந்த வேகத்தில் சுற்றும் நட்சத்திரத்திலும் இவர் வளருவார்!

1998-ல் ஒரே அமர்க்களம். பிறந்த புதிதில் வேகமாகச் சுற்றும் நியூட்ரான் நட்சத்திரம், ஆர் மோடின் புண்ணியத்தில் ஒரே வருஷத்தில் பெரும்பகுதி வேகத்தை இழந்துவிடும் என்று கணக்கு வந்தது. ஜோடியிடம் உறிஞ்சும் நட்சத்திரங்களின் வேகத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும் ஈர்ப்பு அலையாக இருக்கலாம் என்றார்கள்.

2003 வாக்கில் தண்ணீர் தெளித்தார்கள். ஆர் மோட் கொஞ்சம் வளர்ந்ததுமே, நட்சத்திரத்தின் மற்ற குட்டிக் குட்டி ஆட்டங்கள் வந்து அதன் சக்தியைப் பங்கு கேட்கின்றன. சம்பளம் வந்த அன்றைக்கே ரூம் மேட்டுகள் கைமாற்றுக் கேட்கிற மாதிரி. அதனால் அது பெரிதாக வளர முடியாது. சின்னதாக, நிதானமாக, நீண்ட காலம் ஆடிக்கொண்டிருக்கும். ரெகுலேட்டர் சந்தேகம் தீரவில்லை. சந்தேக நபர் மட்டும் கொஞ்சம் இளைத்துவிட்டார். நட்சத்திரத்தின் காந்தப்புலம்தான் பிரேக் போடுகிறது என்று வாதாடும் கட்சியும் பலமாக இருக்கிறது.

வெளியையும் சேர்த்து ஆட்டு

இதைக் கணக்குப் போடுவது ஏன் இத்தனை வருஷம் இழுக்கிறது? காரணம், பொது சார்பியல்.

நியூட்டன் கணக்கில் வெளி என்பது மேடை. நடிகர்கள் ஆடலாம், மேடை ஆடாது. ஐன்ஸ்டைன் கணக்கில் மேடையும் சேர்ந்து ஆடும். நட்சத்திரம் சுற்றினால் பக்கத்து வெளியையும் கொஞ்சம் சுருட்டி இழுத்துக்கொண்டு சுற்றும். 716 சுற்றுக்காரரின் ஆரம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவருடைய இடுப்பு செகண்டுக்குச் சுமார் 54,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒளியின் வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல்! இந்த வேகத்தில் உருண்டை உருண்டையாக இருக்காது, இடுப்பு பெருத்துவிடும்.

அதனால் பல வருஷம் விஞ்ஞானிகள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். 'மேடை ஆடவில்லை என்று வைத்துக்கொள்வோம், நடிகரை மட்டும் கவனிப்போம்.' கௌலிங் தோராயம் என்று பெயர். சுலபம்தான். ஆனால் மேடை ஆடாவிட்டால் ஈர்ப்பு அலையே கிடையாது. அலை இல்லாவிட்டால் சந்திரசேகர் சொன்ன விபரீதத்தை நேரடியாகப் பார்க்கவும் முடியாது! இப்படிச் சமரசம் எதுவும் செய்யாமல், வேகமாகச் சுற்றும் நட்சத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்தே ஆடவிட்டுப் பார்த்த கணக்கை, 2020-ல்தான் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில் கிறிஸ்டியன் க்ரூகரும் கோஸ்டாஸ் கோக்கொட்டாஸும் வெளியிட்டார்கள். சந்திரசேகருக்கும் இதற்கும் இடையில் சரியாக ஐம்பது வருஷம்.

காது கொடுத்துக் கேட்டார்கள்

கணக்கு சரி. யாராவது கேட்டிருக்கிறார்களா?

மகெல்லன் மேகம் என்கிற பக்கத்து வீட்டு கேலக்ஸியில், சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒளி ஆண்டு தூரத்தில், ஜே0537-6910 என்று ஒரு நியூட்ரான் நட்சத்திரம். செகண்டுக்கு 62 சுற்று. இதற்கு ஒரு கெட்ட பழக்கம். வேகம் குறைந்துகொண்டே வரும். அடிக்கடி திடீரென்று ஒரு எகிறு எகிறும். இரண்டு எகிறலுக்கு நடுவே அது வேகம் குறைகிற விதம், ஆர் மோட் இருந்தால் எப்படிக் குறையுமோ அதை நோக்கியே போகிறது என்று சந்தேகம் வந்தது.

ஈர்ப்பு அலையை அளக்கும் லைகோ கருவிகள் அதன் பக்கம் காதைத் திருப்பின. நாலு கிலோமீட்டர் நீளக் கைகளில், ஒரு புரோட்டானின் அகலத்தைவிடப் பல மடங்கு சின்ன அசைவைக்கூட உணரும் கருவிகள். ஆர் மோட் அலையின் சுருதி, சுற்றும் வேகத்தைப்போல் ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 62-க்கு 83 ஹெர்ட்ஸ். பொது சார்பியல் திருத்தம் போட்டால் 90-ஐ ஒட்டி வரும். அந்தச் சுருதியில் தேடினார்கள். 2021-ல் முடிவு வந்தது: சத்தம் இல்லை.

"அப்போ அவ்வளவுதானா?" என்றார் பேங்க் நண்பர், தன் ஓவர் டிராஃப்ட் வீணாகிவிட்ட வருத்தத்தோடு.

இல்லை. சத்தம் கேட்கவில்லை என்பதே ஒரு தகவல். 'இருந்தாலும் இதற்கு மேல் பெரிசாக இருக்க முடியாது' என்று ஒரு கோடு கிழித்தாகிவிட்டது. காது இன்னும் கூர்மையானால் கோடு இன்னும் கீழே இறங்கும். அல்லது ஒருநாள் சத்தம் கேட்கும். கேட்டால், நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பூமியின் எந்த லாபரேட்டரியிலும் அந்தப் பொருளைச் செய்து வைக்க முடியாது. முலாம்பழக்காரர் பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்வதுபோல, நட்சத்திரத்தின் ஆட்டத்தைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஒரு லைகோ அமைக்க 2023-ல் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

சந்திரசேகர் இந்த ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1991-ல், எண்பது வயதில், வலேரியா ஃபெராரி என்கிற இத்தாலிய விஞ்ஞானியோடு சேர்ந்து பொது சார்பியலில் நட்சத்திரங்களின் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து புதிதாகக் கணக்குப் போட்டார். 1995 ஆகஸ்டில் காலமானார். இரண்டு வருஷம் கழித்து ஆர் மோட் வந்தது. அவருடைய முதல் கணக்கை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. 1970 கணக்கைக் காகிதத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வானம்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ நம்ம ஃபேன் ஆடறதும் ஆர் மோடா?"

இல்லை ஸார். அது க்ளாம்ப் லூஸ். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்!